பக்கத்து அறையில் ஐஸ் புகைக்கிறார்கள். கைக்குழந்தைக்கு என்ன ஆகும்?

ஓடாவி மகள் எழுதியது:

வணக்கம். மட்டக்களப்பு நகருக்கு அருகே, சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்டம் ஒன்றில் இருக்கிறோம். இரண்டு அறை, ஒரு விறாந்தை, பின்னால் குசினி. அறைகளைப் பிரிக்கும் சுவர் கூரை வரை எட்டவில்லை. மேலே ஒரு முழத்துக்குக் குறையாத வெளி. ஒரு அறையில் நானும் கணவரும் ஏழு மாதப் பிள்ளையும் படுக்கிறோம். மற்ற அறை தம்பிக்கு. அம்மா விறாந்தையில்.

தம்பி ஐஸ் என்ற போதைப்பொருளைப் பாவிக்கிறான். முன்பெல்லாம் வெளியில் எங்கோ போய்வந்தான். இப்போது அறைக்குள்ளேயே. நள்ளிரவு தாண்டினால் லைட்டர் தட்டும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும். பிறகு பிளாஸ்டிக் கருகியது போன்ற மெல்லிய வாடை சுவருக்கு மேலால் வரும். சில இரவுகளில் அவனுடைய கூட்டாளிகள் கஞ்சாவும் கொண்டுவருகிறார்கள். அந்தப் புகை வந்தால் எனக்கே கண் எரிகிறது.

பிள்ளைக்கு அடிக்கடி சளி, நெஞ்சில் இழுப்பு. பக்கத்து வீட்டு மாமி, “இந்தப் புகையைச் சுவாசித்தாலே போதும், பிள்ளைக்கு இப்போதே பழக்கம் பிடித்துவிடும்” என்கிறார். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. உண்மையாகவே அப்படி ஆகுமா? இழுப்பு இதனால்தான் வருகிறதா? நானும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறேன், தாய்ப்பால் கொடுக்கலாமா? வைத்தியசாலையில் கேட்கலாம் என்றால், “வெளியில் சொல்லாதே, குடும்ப மானம் போய்விடும்” என்று அம்மா அழுகிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டிப்பளை ஆசிரியர் எழுதியது:

தங்கச்சி, இதில் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இன்றைக்கே தாய் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

ஓடாவி மகள் எழுதியது:

சேர், இதுதான் தாய் வீடு. சீதனமாக என் பெயருக்கு எழுதிய வீடு. கணவர்தான் இங்கே வந்து இருக்கிறார். நான் எங்கே போவது?

பட்டிப்பளை ஆசிரியர் எழுதியது:

அப்படியென்றால் போகவேண்டியவர் நீங்கள் அல்ல. வீடு உங்களுடையது, அதற்குள் என்ன நடக்கலாம் என்று சொல்லும் உரிமையும் உங்களுடையது.

இரவுக் கடமை எழுதியது:

நான் குழந்தைகள் விடுதியில் வேலை செய்யும் தாதி. இந்தக் கேள்வியை எங்கள் பக்கத்துத் தாய்மார் வாய்விட்டுக் கேட்பதே இல்லை, முகத்தில்தான் தெரியும். கேட்டதற்கு நன்றி, தங்கச்சி. சற்று நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் நித்திரையைக் கெடுத்த விடயம். சுவருக்கு மேலால் வரும் வாடையால் பிள்ளை போதைக்கு அடிமையாகாது. ஐஸ் சிகரெட்டைப் போல எரிவதில்லை. கண்ணாடிக் குழாய்க்குள் சூடாக்கி ஆவியாக்கி இழுக்கிறார்கள். இழுக்காத நேரத்தில் சிகரெட் முனை புகைந்துகொண்டே இருக்கும். ஐஸில் அது இல்லை. மற்றவருக்கு வருவது பெரும்பாலும் புகைப்பவர் வெளியே விடும் மூச்சு. அது அறைக் காற்றில் கலந்து, சுவரைத் தாண்டி வரும்போது அளவு மிகவும் குறைந்துவிடும்.

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2023இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சியாட்டில், போர்ட்லண்ட் பகுதிகளில் இரவில் ஓடும் பஸ்களிலும் ரயில்களிலும் மாதிரிகள் எடுத்தார்கள். 78 காற்று மாதிரிகள் அனைத்திலும் ஐஸ், அதாவது மெத்தம்பெட்டமின், இருந்தது. ஆசனம், கைப்பிடி போன்ற பரப்புகளில் எடுத்த 102 மாதிரிகளில் 98 வீதமானவற்றில் இருந்தது. கேட்டவுடன் நெஞ்சு திடுக்கிடும். ஆனால் கிடைத்த அளவு, பயணிக்கோ சாரதிக்கோ உடனடி நோயை உண்டாக்கக்கூடிய அளவல்ல என்பதுதான் அவர்களின் முடிவு. காற்றில் இருக்கிறது என்பது வேறு. உடம்பைத் தாக்கும் அளவுக்கு இருக்கிறது என்பது வேறு.

அதற்காக உங்கள் வீட்டுக்கும் அந்த பஸ்ஸுக்கும் ஒரே கணக்குப் போட மாட்டேன். பஸ்ஸில் ஏறியவர் இறங்கிவிடுவார். உங்கள் பிள்ளை இரவு முழுவதும், ஒவ்வோர் இரவும், அடைத்த அறையில் கிடக்கிறது. கைக்குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 தடவை மூச்சு விடும். நாம் 12 முதல் 20 தடவை. உடல் நிறையோடு ஒப்பிட்டால் அதே காற்றிலிருந்து பிள்ளை உள்ளே எடுப்பது நம்மைவிட அதிகம்.

இழுப்பைப் பொறுத்தவரை எனக்கு முதல் சந்தேகம் கஞ்சாவில்தான். அது இலை எரியும் உண்மையான புகை. சிகரெட் புகையில் உள்ள நுண்துகள்கள் இதிலும் உண்டு, அமோனியாவும் ஹைட்ரஜன் சயனைட்டும் சிகரெட்டைவிடக் கூடுதலாக அளக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோவில், மூச்சுக்குழாய் அழற்சியோடு வைத்தியசாலையில் சேர்த்த இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் சிறுநீரைச் சோதித்தபோது 16 வீதமானோரிடம் கஞ்சாவின் தடயம் இருந்தது. புகைதான் நோயைக் கொண்டுவந்தது என்று அந்த எண் நிறுவவில்லை. பக்கத்தில் புகைத்தால் பிள்ளையின் உடம்புக்குள் போகிறது என்பதை நிறுவுகிறது. உங்கள் வீட்டில் நுளம்புச் சுருள் கொளுத்துகிறீர்களா? குசினியில் விறகா? தம்பி சிகரெட்டும் பிடிக்கிறாரா? இவை எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சின்ன நெஞ்சை அடைக்கின்றன. சுருளை இன்றே நிறுத்தி வலையைக் கட்டுங்கள்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். நீங்களே ஐஸ் பாவித்தால் அது பாலில் போகும், அப்போது கதை வேறு. வாடை பட்டதற்காகப் பாலை நிறுத்தினால் இழப்பு பிள்ளைக்குத்தான்.

இனி நான் உண்மையில் பயப்படும் விடயம். ஏழு மாதம் என்கிறீர்கள். இப்போது தவழும், அல்லது நாளை தவழும். தரையில் கிடப்பதெல்லாம் வாய்க்குப் போகும். கீழே சிந்திய ஒரு துகள், நாக்கில் வைத்த ஒரு வெற்றுப் பை, உடைந்த குழாய்த் துண்டு, இவைதான் பிள்ளையைக் கொல்லக்கூடியவை. சுவருக்கு மேலால் வருவதைவிடக் கதவுக்குக் கீழால் வருவதைக் கவனியுங்கள்.

ஐஸ் வயிற்றுக்குள் போன பிள்ளை எதற்கும் அடங்காமல் வீரிட்டு அழும். இதயம் படபடவென்று அடிக்கும், உடம்பு கொதிக்கும், வாந்தி வரும், கண்கள் நிலைகொள்ளாமல் உருளும், வலிப்பும் வரலாம். அரிசோனாவில் இப்படி வந்த குழந்தைகளைத் தேள் கொட்டியது என்று நினைத்து அதற்கான சிகிச்சை கொடுத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வைத்தியருக்கு யாரும் உண்மையைச் சொல்லவில்லை, அவருக்கு வேறு எப்படித் தெரியும்? தங்கச்சி, அப்படி ஒரு நாள் வந்தால் மானத்தைப் பார்க்காதீர்கள். “வீட்டில் ஐஸ் இருந்தது” என்று வாசலிலேயே சொல்லுங்கள்.

வாழைச்சேனைக் கடலோடி எழுதியது:

அக்கா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். எனக்கும் ஒரு கேள்வி. ஆழ்கடல் படகில் போகிறேன். போனால் வாரக்கணக்கில் கடல்தான். நித்திரை வராமல் வலை இழுக்க வேண்டும் என்று இரண்டு பேர் ஐஸ் அடிக்கிறார்கள். படுக்கும் அறை நிமிர்ந்து உட்கார முடியாத அளவு சிறியது. மழை என்றால் மூடியையும் இழுத்து அடைப்போம். காலையில் எழுந்தால் தலை பிளக்கும், வயிற்றைப் புரட்டும். நான் தொடுவதே இல்லை. அந்தப் புகைதான் எனக்கும் ஏறுகிறதா?

இரவுக் கடமை எழுதியது:

தம்பி, இதை அவசரமாகச் சொல்கிறேன். ஐஸ் ஏறினால் நித்திரை வராது, பசிக்காது, நெஞ்சு படபடக்கும். நீங்கள் சொல்வது அதுவல்ல. அடைத்த அறை, பக்கத்தில் இஞ்சின், காலையில் தலைவலியும் குமட்டலும் என்றால் கார்பன் மொனொக்சைட்டைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நித்திரையிலேயே ஆளைக் கொண்டுபோகும். மற்றவர்களுக்கும் அதே தலைவலி இருக்கிறதா, மேல்தளத்துக்கு வந்ததும் குறைகிறதா என்று பாருங்கள். இஞ்சின் புகைக்குழாயில் ஒழுக்கு இருக்கிறதா என்று கரை சேர்ந்ததும் மெக்கானிக்கைக் கொண்டு பார்க்காமல் அடுத்த பயணம் போகாதீர்கள். மழை என்றாலும் மூடியில் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

ஐஸ் அடிப்பவர்களால் உங்களுக்கு ஆபத்து சுக்கான் பிடிக்கும் நேரத்தில்தான். இரண்டு மூன்று நாள் நித்திரையில்லாமல் நின்றவர் போதை இறங்கியதும் நின்ற இடத்திலேயே சரிவார். இரவுக் காவலுக்கு அவரைத் தனியாக விடாதீர்கள் என்று படகை நடத்தும் தண்டயலிடம் பேசுங்கள்.

பட்டிப்பளை ஆசிரியர் எழுதியது:

சகோதரி, உங்கள் அறிவை மதிக்கிறேன். ஆனால் இங்கே நீங்கள் எழுதியதைப் பாவிப்பவர்களும் வாசிப்பார்கள். “பார், புகையால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதாம்” என்று அவர்களுக்கு ஒரு சாட்டுக் கிடைத்துவிடும். பாடசாலையில் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான்: மணத்தாலே நாசம், கிட்டவே போகாதே. கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? பயம் இருந்தால்தான் காப்பு.

மருந்தாளர் அக்கரைப்பற்று எழுதியது:

ஆசிரியர் ஐயா, குறைவது நிறைய. தகப்பன் பாவிக்கிறார் என்பதற்காக வகுப்பில் ஒரு பிள்ளையைத் தனியாக உட்காரவைத்ததை நான் அறிவேன், மூச்சோடு தொற்றும் என்பது போல. என் கவுண்டருக்கு வந்த ஒரு தாய், இரத்தம் எடுத்தால் பிள்ளைக்குள் ஐஸ் இருப்பது தெரிந்துவிடும், பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்று பயந்து, இழுப்போடு இருந்த பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகாமல் என்னிடம் சிரப் கேட்டார். அந்தப் பயத்தை யார் ஊட்டியது? கூட்டிச் சொன்னவர்கள்தான். பயம் உண்மையான இடத்தில் இருந்தால் மட்டுமே காப்பு.

தவிர, தாதி சகோதரி “ஒன்றும் ஆகாது” என்று எழுதவே இல்லை. அவுஸ்திரேலியாவில் ஐஸ் புழங்கிய வீடுகளில் வாழ்ந்த குடும்பங்களை ஆராய்ந்தபோது, ஒருபோதும் பாவிக்காத சிறுவர்களின் தலைமயிரில் அது இருந்தது. நித்திரைக் குழப்பமும் நடத்தையில் மாற்றமும் சில பிள்ளைகளிடம் காணப்பட்டன. எனவே நெடுநாள் வெளிப்பாட்டை அலட்சியம் செய்ய முடியாது. இதைச் சொன்னாலே போதும், அடிமையாகிவிடும் என்ற கதை தேவையில்லை.

பட்டிப்பளை ஆசிரியர் எழுதியது:

தனியாக உட்காரவைப்பது கொடுமை, அதில் எனக்கும் உங்களுக்கும் பேதமில்லை. ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என் வகுப்பில் இப்படியான வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் புகையால் வாடிப்போகவில்லை. காலையில் சாப்பாடு இல்லை. இரவு முழுவதும் சண்டை, கதவு உடைப்பு. அப்பியாசக் கொப்பி வாங்கக் கொடுத்த காசும் போய்விடுகிறது. ஒரு பிள்ளை முதலாம் பாடத்திலேயே மேசையில் தலைவைத்து உறங்கும், எழுப்ப மனம் வராது. புகையின் அளவை நனோகிராமில் அளக்கலாம். இதை எதில் அளப்பீர்கள்?

இரவுக் கடமை எழுதியது:

சேர், இதை நீங்கள் எழுதியதற்காகவே இந்த இழை நீளட்டும். முழுதாக ஒத்துக்கொள்கிறேன்.

மட்டுறுத்துநர் எழுதியது:

ஒருவர் தன் அயல்வீட்டின் ஒழுங்கையையும் ஆளின் பட்டப்பெயரையும் குறிப்பிட்டு எழுதிய பதிவு நீக்கப்பட்டது. யாரையும் அடையாளம் காட்டாதீர்கள். மற்றபடி தொடரலாம்.

சம்மாந்துறை வயல்காரன் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். என் தம்பி கட்டாருக்குப் போக மருத்துவப் பரிசோதனைக்குத் திகதி எடுத்திருக்கிறார். அவர் தங்கியிருக்கும் அறையில் கூட இருப்பவர்கள் கஞ்சா அடிக்கிறார்களாம். இவர் தொடுவதில்லை. சிறுநீரில் காட்டிவிடுமா? ஏஜன்சிக்குக் காசு கட்டியாகிவிட்டது, வீட்டில் எல்லோரும் தவிக்கிறோம்.

மருந்தாளர் அக்கரைப்பற்று எழுதியது:

வஅலைக்கும் ஸலாம், காக்கா. இதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. 2015இல் வெளியானது, அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் செய்தது. ஒரு சிறிய அறையில் கஞ்சா புகைக்கும் ஆறு பேரையும் புகைக்காத ஆறு பேரையும் ஒரு மணித்தியாலம் ஒன்றாக இருத்தினார்கள். காற்றோட்டத்தை அடைத்தபோது, புகைக்காதவர்களுக்கும் இலேசான கிறக்கம், இதயத்துடிப்பில் சிறு ஏற்றம், சில ஞாபகச் சோதனைகளில் தடுமாற்றம் என்பன தென்பட்டன. ஆனாலும் சிறுநீரில் கஞ்சாவின் தடயம், மில்லிலீற்றருக்கு 50 நனோகிராம் என்ற வழமையான எல்லையைத் தாண்டியது அரிது. அதுவும் முதல் சில மணித்தியாலங்களுக்குள்தான். காற்றோட்டம் இருந்தபோது அந்தப் பாதிப்புகள் ஏறக்குறைய இல்லை.

ஆகவே யன்னல் திறந்த அறையில் இருந்தவருக்குப் பயம் வேண்டாம். ஆனால் எல்லா நிலையங்களும் 50ஐத்தான் எல்லையாக வைக்கின்றன என்று எண்ணிவிடாதீர்கள். 20 என்ற குறைந்த எல்லையில் அதே ஆய்வில் பலருக்குக் காட்டியது. பரிசோதனைக்கு முன் சில நாட்களாவது தம்பியை வீட்டுக்குக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதற் பரிசோதனையில் காட்டினால், உறுதிப்படுத்தும் இரண்டாவது பரிசோதனையைக் கேளுங்கள்.

சம்மாந்துறை வயல்காரன் எழுதியது:

அல்ஹம்துலில்லாஹ். இன்றைக்கே வரச் சொல்கிறேன்.

கல்லடி வீட்டுக்காரர் எழுதியது:

வாடகைக்கு விட்டிருந்த என் வீட்டில் இருந்தவர்கள் ஐஸுடன் பிடிபட்டார்கள். இப்போது யாரும் அந்த வீட்டுக்கு வர மறுக்கிறார்கள். சுவரில் விஷம் ஊறியிருக்கும், சீமெந்துப் பூச்சைக் கொத்தி எடுத்து மீண்டும் பூச வேண்டும் என்கிறார் ஒரு மேசன். உண்மையா?

மருந்தாளர் அக்கரைப்பற்று எழுதியது:

பணத்தைக் கொட்டுவதற்கு முன் நியூசிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே சுவரில் மிகச் சிறிய தடயம் கண்டாலும் வீடு பாழ் என்று முடிவுகட்டி, அரசாங்க வீடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றினார்கள். 2018இல் பிரதமரின் தலைமை அறிவியல் ஆலோசகர் பீட்டர் கிளக்மன் ஓர் அறிக்கை கொடுத்தார். வெறுமனே புகைத்ததால் பரப்புகளில் படிந்த எச்சம் யாருக்கும் தீங்கு செய்தது என்பதற்குச் சான்றே இல்லை என்றார். 100 சதுர சென்ரிமீற்றருக்கு 1.5 மைக்ரோகிராம் என்று இருந்த எல்லைக்குப் பதிலாக 15ஐப் பரிந்துரைத்தார். பிறகு அந்த அரசாங்க வீடுகளை நடத்திய வீடமைப்பு நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, வெளியேற்றிய குடும்பங்களுக்கு இழப்பீடும் கொடுத்தது.

நான் மேலே சொன்ன அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைவிடக் கண்டிப்பானவர்கள்; இரண்டு தரப்பும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஐஸைக் காய்ச்சிய வீடு ஒன்று, புகைத்த வீடு வேறொன்று என்று கிளக்மன் பிரித்துச் சொன்னார். காய்ச்சிய இடத்தில் இரசாயனங்கள் எல்லாம் சிந்தியிருக்கும், அதைத் தொடவே கூடாது. உங்களுடையது புகைத்த வீடு. சவர்க்காரத் தண்ணீரால் சுவரையும் தரையையும் நன்றாகக் கழுவுங்கள். திரைச்சீலை, மெத்தை, பாய் ஆகியவற்றை எறிந்துவிடுங்கள். யன்னல்களைத் திறந்து சில நாட்கள் காற்றாடவிட்டுப் புதிதாகப் பெயின்ற் அடியுங்கள். மூலை, அலுமாரியின் பின்புறம், யன்னல் விளிம்பு எங்கும் கண்ணாடித் துண்டோ சிறு பையோ மிஞ்சவில்லை என்று கையுறை போட்டுத் தேடிப் பாருங்கள். மேசனைக் கூப்பிடத் தேவையில்லை.

ஓடாவி மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தேள் கதை வந்த இடத்தில் அம்மா பேசாமல் எழுந்துபோய் தம்பியின் அறையைக் கூட்டினார். கட்டிலுக்குக் கீழே ஒரு உடைந்த குழாயும் நகத்தளவு பொலித்தீன் பைகளும் கிடந்தன. பிள்ளை நேற்று அந்த வாசல்வரை தவழ்ந்தது.

கூட்டாளிகள் இனி வீட்டுக்குள் வரக் கூடாது என்று கணவர் சொல்லிவிட்டார். தம்பி கத்தினான், பிறகு என்னிடம் வந்து அழுதான். விட விருப்பம், முடியவில்லை என்கிறான். வைத்தியசாலைக்குப் போனால் பொலிஸ் பிடித்துவிடும் என்று பயப்படுகிறான். என்ன செய்வது?

மருந்தாளர் அக்கரைப்பற்று எழுதியது:

சகோதரி, சட்டத்தை அவருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் பிறகு, 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம். அதைவிடக் குறைவாக வைத்திருப்பதும் குற்றமே. கூட்டாளிகள் தங்கள் சரக்கை உங்கள் வீட்டில் ஒளித்துவைக்க ஒருபோதும் இடம்கொடாதீர்கள்.

சிகிச்சைக்கு வேறு சட்டம் இருக்கிறது, 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம். அதன்படி ஒருவர் தானாகவே விரும்பிச் சிகிச்சைக்குச் சேரலாம். நீதிமன்றம் கட்டாயமாக அனுப்பவும் முடியும். தானாகப் போவதுதான் நல்லது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927க்கு அழைத்து ஆலோசனை கேளுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது, அங்கே கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போகச் சொன்னால் வாசலோடு திரும்பிவிடுவார்.

ஹெரோயினுக்கு இருப்பது போன்ற மாற்று மருந்து ஐஸுக்கு இல்லை. பேச்சுவழிச் சிகிச்சையும் குடும்பத்தின் பொறுமையும்தான். நிறுத்திய முதல் நாட்களில் அடித்துப் போட்டதுபோல் உறங்குவார், அகோரமாகப் பசிக்கும். அதன் பிறகு வரும் மனச்சோர்வுதான் பொல்லாதது. சாகிறேன் என்ற பேச்சு வந்தால் விளையாட்டாக எடுக்காதீர்கள். 1926 உளநல உதவிக்கான இலக்கம்.

இரவுக் கடமை எழுதியது:

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அவர் இன்று செய்தது பெரிய காரியம்.

தம்பி சிகிச்சைக்குப் போய் நிலைப்படும்வரை நாள் பிடிக்கும். அதுவரைக்கும் பிள்ளையை மாற்றிப் படுக்க வையுங்கள்; அந்தச் சுவரோடு வேண்டாம், விறாந்தையில் அம்மாவோடு வலைக்குள் படுக்கட்டும். சுவருக்கு மேலே உள்ள வெளியைப் பலகை கொண்டு அடைத்து, உங்கள் அறை யன்னலை வெளிப்பக்கமாகத் திறந்து வைக்கலாம். தரையைத் தும்புத்தடியால் கூட்டினால் தூசு எழும்பும், ஈரத்துணியால் துடையுங்கள். பாயையும் தலையணை உறையையும் துவைத்து வெயிலில் போடுங்கள். பிள்ளையின் கையையும் சூப்பும் சாமான்களையும் அடிக்கடி கழுவுங்கள். தம்பி பிள்ளையைத் தூக்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள், கைகழுவி உடுப்பை மாற்றிவிட்டுத் தூக்கட்டும். ஆனால் பாவித்துவிட்டு விழித்திருக்கும் நேரத்திலோ, இறங்கிச் சோர்ந்து கிடக்கும் நேரத்திலோ பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு எங்கும் போகாதீர்கள், கிணற்றடிக்குக்கூட.

அடுத்த கிளினிக்குக்குப் பிள்ளையின் பதிவேட்டைக் கொண்டுபோய், “வீட்டில் புகை இருக்கிறது, கஞ்சாவும் ஐஸும்” என்று சொல்லி நெஞ்சைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். குடும்ப நல உத்தியோகத்தரிடமும் சொல்லலாம். விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளிழுத்தால், பால் குடிக்க முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், அல்லது நான் முன்பு சொன்னபடி அடங்காமல் வீரிட்டால் கிளினிக் நாளைப் பார்த்திருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். அவர்களிடமும் உண்மையைச் சொல்லுங்கள்.

ஓடாவி மகள் எழுதியது:

சரி அக்கா. நாளைக் காலை கணவர் தம்பியைக் கூட்டிக்கொண்டு போகிறார். நான் பிள்ளையோடு கிளினிக்குக்குப் போகிறேன். பலகை வாங்கிவர அப்பாவின் பழைய கூட்டாளி ஒருவரிடம் சொல்லியிருக்கிறோம். பின்னேரம் வந்து அடைத்துத் தருவதாகச் சொன்னார்.